ஒளிரும் கேன்சர் செல்கள்: இந்த வெளிச்சம் கடலூருக்கு முதலில் எங்கே வேண்டும்?

கட்டியை மின்மினி போல ஒளிரவைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது? சிதம்பரத்தில் நடந்த ஆய்வு இதில் எங்கே வருகிறது?

விளக்கை அணைத்த ஆபரேஷன் தியேட்டர். திரையில் சாம்பல் நிறத்தில் உள்ளுறுப்புகள். நடுவே பச்சையாக மின்னும் ஒரு புள்ளி. 'இதுதான் கேன்சர். இனி தப்பிக்க முடியாது' என்று கீழே ஒரு வரி. இந்த மாதிரி வீடியோ வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், பார்ப்பவருக்கு நம்பிக்கை வருவது இயல்பு. கூடவே ஒரு சந்தேகமும் வரும்: இதெல்லாம் நிஜமா?

நிஜம்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மூளைக் கட்டிக்கு 2017-லும், சினைப்பைப் புற்றுநோய்க்கு 2021-லும், மார்பகப் புற்றுநோய்க்கு 2024-லும் இப்படியான ஒளிரும் மருந்துகளுக்கு அனுமதி கொடுத்துள்ளது.

ஆனால், திட்டக்குடியிலோ காட்டுமன்னார்கோவிலிலோ இருக்கும் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று பல மாதங்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தியேட்டரில் எரியும் அந்தப் பச்சை விளக்கு அவருக்கு எப்போது உதவும்? அவர் அந்த ஆபரேஷன் டேபிள் வரை வந்து சேர்ந்த பிறகுதான். அதற்கு முன்னால் யாராவது அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒளிரும் தொழில்நுட்பம் கடலூர் போன்ற ஒரு மாவட்டத்துக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் தியேட்டர் அல்ல. வாயைப் பரிசோதிக்கும் நாற்காலி. அங்கேயும் வெளிச்சம் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் ஒரு வரிசை ஒழுங்காக நகர வேண்டும்.

ஒளிர்வுன்னா என்ன?

வங்கிக் கவுன்ட்டரில் ரூபாய் நோட்டை ஊதா விளக்குக்குக் கீழே வைத்தால், எண்களும் மெல்லிய இழைகளும் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அந்த மை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தருகிறது. இதுதான் ஃப்ளோரசன்ஸ், தமிழில் ஒளிர்வு.

இதற்கு வங்கிக்குப் போக வேண்டியதுகூட இல்லை. மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து அதே விளக்கில் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மஞ்சளில் உள்ள குர்குமின்தான் காரணம். இந்த நிகழ்வுக்கு 'ஃப்ளோரசன்ஸ்' என்று பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், ஆண்டு 1852.

இதில் ஒரு விதி முக்கியம். உள்ளே போகும் ஒளியைவிட வெளியே வரும் ஒளிக்கு ஆற்றல் குறைவு, அலைநீளம் அதிகம். நீல ஒளி போனால் பச்சையோ சிவப்போ திரும்பி வரும். அதனால் நடுவில் ஒரு ஃபில்டர் வைத்து, உள்ளே போன நீலத்தை மறைத்துவிட்டு, திரும்பி வரும் நிறத்தை மட்டும் கேமராவில் பிடிக்கலாம். மருத்துவத்தில் நடப்பதும் இதேதான்.

கட்டி மட்டும் எப்படி ஒளிர்கிறது?

சாதாரண வெள்ளை விளக்கில் புற்றுநோய்த் திசுவும் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் பல நேரங்களில் ஒரே மாதிரி தெரியும். சர்ஜனுக்கு இருப்பது கண்ணும் விரல் நுனியும்தான். அந்த எல்லையைப் பிரித்துக் காட்டத்தான் இந்த மருந்துகள். இவை ஒரே வகை அல்ல, நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ரத்தத்தோடு எங்கும் ஓடும் சாயம். ஃப்ளோரசின், இண்டோசயனின் கிரீன் ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு கேன்சரை அடையாளம் தெரியாது. ரத்த நாளம் எங்கே கசிகிறதோ, நிணநீர் எங்கே போகிறதோ அங்கே போய் நிற்கும். ஃப்ளோரசினை வைத்து மூளைக் கட்டியைப் பார்க்கும் முயற்சி 1940-களிலேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது வகையில், ஒளிரும் பொருளைக் கட்டியே தயாரிக்கும். 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். மூளைக் கட்டியின் செல்கள் அதை எடுத்து, புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். நீல ஒளி அடித்தால் அது சிவப்பாக ஒளிரும்.

மூன்றாவது வகை, விலாசம் தெரிந்த கூரியர். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் தெரியும். பெரும்பாலான சினைப்பைப் புற்றுநோய் செல்களின் மேல் இந்த ஃபோலேட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள் நிறைய இருக்கும். ஃபோலேட் போன்ற ஒரு மூலக்கூறோடு ஒளிரும் சாயத்தைக் கட்டி அனுப்பினால், அந்தக் கொக்கிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். 2021-ல் அனுமதி பெற்ற பஃபோலாசயனின் இப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தைய 48 மணி நேரம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்க வேண்டாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் கொக்கிகளை மாத்திரையே பிடித்துக்கொள்ளும்.

நான்காவது வகை, அணைத்துவைத்த விளக்கு. 2024-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பெகுலிசியானின் உடலுக்குள் போகும்போது ஒளிராது. கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் அதிகமாக இருக்கும் சில நொதிகள் அதை வெட்டினால்தான் விளக்கு எரியும்.

சர்ஜனுக்கு என்ன லாபம்?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மர் தலைமையில் நடந்தது. முடிவுகள் 2006-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தன. வீரியமான மூளைக் கட்டி உள்ளவர்களில், சாதாரண விளக்கில் ஆபரேஷன் செய்தபோது ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் 36 சதவீதம். 5-ஏ.எல்.ஏ. கொடுத்து நீல ஒளியில் செய்தபோது 65 சதவீதம். ஆறு மாதம் வரை கட்டி திரும்ப வளராமல் இருந்தவர்களும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சினைப்பைப் புற்றுநோய் மருந்தை 134 பெண்களிடம் சோதித்தபோது, கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாத ஒரு புற்றுநோய்த் திட்டாவது 26.9 சதவீதம் பேருக்கு ஒளிர்வில் கிடைத்தது. நான்கில் ஒருவருக்கும் மேல். இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே ஆய்வுகளின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2006 ஆய்வில் கட்டி அதிகமாக அகற்றப்பட்டாலும், மொத்த ஆயுட்காலத்தில் இரு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஒளிரும் இடமெல்லாம் கேன்சரும் இல்லை. நல்ல திசுவும் சில நேரம் ஒளிரும். ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர், அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் ஊடுருவும். அதற்குக் கீழே இருக்கும் கட்டி தெரியாது. மார்பகப் புற்றுநோய் மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற பெரிய எச்சரிக்கையோடுதான் அனுமதியே கொடுத்திருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இவை கேன்சரைக் குணப்படுத்தும் மருந்துகள் அல்ல. ஏற்கெனவே கண்டுபிடித்த கேன்சரை சர்ஜன் நன்றாக அகற்ற உதவும் வெளிச்சம். 'ஏற்கெனவே கண்டுபிடித்த' என்ற இரண்டு வார்த்தைகள்தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

மதுரையில் தயாராகும் பச்சைச் சாயம்

இந்தப் புது மருந்துகளெல்லாம் வெளிநாட்டுத் தயாரிப்பு, விலையும் அதிகம். ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை அந்நியமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், மதுரையில் இண்டோசயனின் கிரீனைத் தயாரிக்கிறது.

1950-களில் ஃபிலிம் கம்பெனியான கோடாக்கின் ஆய்வகத்தில் பிறந்த சாயம் இது. கண்ணின் ரத்த நாளங்களைப் படமெடுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. அதே சாயம் இன்று கேன்சர் ஆபரேஷனிலும் உதவுகிறது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறது என்று காட்டுவது அதன் முக்கியமான வேலை. அந்த முதல் கணுவில் கேன்சர் இல்லை என்றால், அக்குளில் இருக்கும் எல்லாக் கணுக்களையும் எடுக்க வேண்டியதில்லை. மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு பல பெண்களை வருடக்கணக்கில் வதைக்கும் கைவீக்கம் இதனால் குறையும்.

ஒரு சின்னத் தகவல்: பாட்டிலில் இது பச்சையாக இருக்கும். ஆனால் உடலுக்குள் அது வெளியிடுவது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளி. வீடியோவில் தெரியும் பச்சை, கம்ப்யூட்டர் பூசிய நிறம்.

விலை உயர்ந்த மருந்து வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை என்பதற்கு மதுரை ஓர் உதாரணம். சிதம்பரம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே நடந்த ஆய்வில் ஒளிர்வுக்கு மருந்தே தேவைப்படவில்லை.

மருந்தே இல்லாத வெளிச்சம்: சிதம்பரம் கதை

மனித உடலே லேசாக ஒளிரும். தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜன், செல்லுக்கு ஆற்றல் தரும் வேலையில் இருக்கும் என்.ஏ.டி.எச்., எஃப்.ஏ.டி., ரத்தத்தின் சிவப்பு நிறத்தோடு தொடர்புடைய பார்ஃபிரின் என்று பல பொருட்கள் ஊதா அல்லது நீல ஒளி பட்டால் தங்களுக்கே உரிய நிறத்தில் ஒளிரும். இதைத் 'தன்னொளிர்வு' என்று சொல்லலாம்.

திசு கேன்சராக மாறும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. கொலாஜன் சிதைவதால் அதன் ஒளிர்வு குறையும். செல்கள் வேகமாகப் பெருகுவதால் என்.ஏ.டி.எச். அளவு மாறும். சிவப்பு நிற பார்ஃபிரின் ஒளிர்வு கூடலாம். அதாவது கண்ணுக்குத் தெரியும்படி புண் வருவதற்கு முன்பே, திசுவின் 'நிறக் கையெழுத்து' மாறத் தொடங்கும்.

இதைத் தமிழ்நாட்டில் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர்களில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எஸ். கணேசன், பி. அருணா குழுவும் ஒன்று. ஹாம்ஸ்டர் என்ற சின்ன விலங்கின் கன்னப்பையில் கேன்சர் உருவாகும் ஒவ்வொரு கட்டத்திலும் தன்னொளிர்வு எப்படி மாறுகிறது என்ற அவர்களுடைய ஆய்வு, 1998-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் வெளியானது.

ஹாம்ஸ்டர் ஏன்? அது தீனியைப் பதுக்கிவைக்கக் கன்னத்தில் பை போன்ற ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. அந்தப் பையின் உட்புறத் தோலில் உருவாகும் கேன்சர், மனிதர்களின் வாய்ப் புற்றுநோயைப் பல விதங்களில் ஒத்திருக்கிறது. டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தை வாரம் மூன்று முறை, 14 வாரம் தடவினால் அங்கே கட்டி வரும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை இந்த முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு, தாவரப் பொருட்கள் கேன்சரைத் தடுக்குமா என்று சோதித்துவருகிறது.

அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை இதில் ஒளியைக் கொண்டுவந்தது. என். கிருஷ்ணகுமார் குழு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவன ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-ல் 'ஜர்னல் ஆஃப் ஃப்ளோரசன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள ஹெஸ்பெரிட்டினை நானோ துகளாக்கி, வாய்ப் புற்றுநோய் உருவாக்கப்பட்ட ஹாம்ஸ்டர்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அவர்கள் கையில் எடுத்த அளவுகோல், திசுவின் தன்னொளிர்வு.

இது ஹாம்ஸ்டரில் நடந்த ஆய்வு; மனிதர்களுக்கான பரிசோதனைக் கருவி அல்ல. ஆனால் அடிப்படை அறிவும், அளக்கத் தெரிந்த ஆட்களும் அண்ணாமலை நகரில் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. அதே வளாகத்தில்தான் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும், 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2021-ல் இவை அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாகின.

ஒரே வளாகத்தில் ஒளியை அளக்கும் ஆய்வகம், வாயைப் பரிசோதிக்கும் பல் மருத்துவர், ஆபரேஷன் செய்யும் மருத்துவமனை. இப்படி மூன்றும் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் அதிகமில்லை.

அப்போ லைட் அடிச்சே கண்டுபிடிச்சிடலாமா?

முடியாது. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

தன்னொளிர்வை வைத்து வாயைப் பார்க்கும் கைக்கருவிகள் சந்தையில் இருக்கின்றன. திருவனந்தபுரத்தின் சாஸ்கேன் மெடிடெக் நிறுவனம் 'ஓரல்ஸ்கேன்' என்ற கருவியை 2020-ல் அறிமுகப்படுத்தியது. இந்த வகைக் கருவிகளின் நீல ஒளியில் ஆரோக்கியமான வாய்த் திசு பச்சையாகத் தெரியும். சந்தேகத்துக்குரிய இடம் கறுத்துத் தெரியும்.

ஆனால் வாயில் கறுத்துத் தெரிவதெல்லாம் கேன்சர் இல்லை. பல் குத்தி வந்த புண், ஈறு வீக்கம், சாதாரண அழற்சி எல்லாமே கறுப்பாகத் தெரியலாம். பற்றாக்குறைக்கு வெற்றிலைக் கறை வேறு. பயந்துபோன ஒருவரை ஊர் ஊராக அலையவிட ஒரு தவறான கறுப்புத் திட்டு போதும். மறுபக்கம், 'லைட்ல ஒண்ணும் தெரியல, போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு உண்மையில் கேன்சர் இருந்தால் அது இன்னும் மோசம்.

கேன்சரா இல்லையா என்று முடிவு சொல்லும் அதிகாரம் இன்றும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது: பயாப்ஸி. அதாவது கொஞ்சம் சதை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எங்கே சதை எடுக்க வேண்டும் என்று விளக்கு சொல்லலாம். தீர்ப்பை அது சொல்லக் கூடாது.

டார்ச்சும் வினிகரும் சொன்ன பாடம்

வாய்ப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் ஆதாரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் ஆர். சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வு அது. டாக்டர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகம் என்றால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

2005-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு ஆதாரம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், பயிற்சி பெற்ற நர்சுகள் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட சமையலறை வினிகரைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கவனித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். 2007-ல் வெளியான முடிவுப்படி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

இரண்டிலும் நவீனக் கருவி எதுவும் இல்லை. இருந்தது மூன்று விஷயங்கள்: தேடிப்போய்ப் பார்த்த கண், சந்தேகம் வந்தால் அனுப்ப ஓர் இடம், அனுப்பியவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று விசாரித்த ஆள். உயிரைக் காப்பாற்றியது இந்தச் சங்கிலி. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் பயனில்லை.

'அப்படின்னா கருவியே வேண்டாமா?'

நியாயமான கேள்வி. டார்ச்சே போதும் என்றால் ஒளிர்வுக்கு எதற்குச் செலவு?

பதில், டார்ச்சால் முடியாத சில வேலைகளில் இருக்கிறது. புகையிலை போடுபவரின் வாயில் ஒரே நேரத்தில் நான்கைந்து வெள்ளைத் திட்டுகள் இருக்கலாம். எதில் சதை எடுப்பது? ஒளிர்வு அதற்கு வழிகாட்டும். கேன்சருக்கு முந்தைய நிலையில் இருக்கும் ஒருவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். போன முறை எடுத்த படத்தையும் இந்த முறை எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். விருத்தாசலத்தில் எடுத்த படத்தைச் சிதம்பரத்தில் இருக்கும் நிபுணர் அன்றே பார்த்துக் கருத்துச் சொல்லலாம்.

'ஏழை மாவட்டத்துக்கு டார்ச், பணக்கார ஊருக்கு நியான் விளக்கா?' என்றும் கேட்கலாம். வாதம் அது இல்லை. கடலூர்க்காரருக்கும் தியேட்டரில் இண்டோசயனின் கிரீன் கேமரா கிடைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற பெரிய மையங்கள் வழியாகவாவது கிடைக்க வேண்டும். கேள்வி வரிசையைப் பற்றியது. முற்றிய கட்டியோடு வருபவரிடம் எவ்வளவு நல்ல விளக்கைப் பிடித்தாலும், ஆறு மாதம் முன்னால் வாயைத் திறந்து பார்த்ததற்கு அது ஈடாகாது.

இந்தியாவில் 2022-ல் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர் என்று உலகப் புற்றுநோய் மதிப்பீடான குளோபோகான் சொல்கிறது. ஆண்களிடையே முதலிடம் இதற்குத்தான். இத்தனைக்கும் ஸ்கேன் இல்லாமல், ஊசி இல்லாமல், வாயைத் திறந்தாலே பார்க்க முடிகிற இடம்.

கடலூரில் என்ன செய்யலாம்?

முதல் வேலைக்குக் காசு அதிகம் ஆகாது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தேசியத் திட்டத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கே போகிறார்கள். அதே நேரத்தில் ஒரு டார்ச்சை வைத்து வாயையும் பார்க்கலாம். பேருக்கு டிக் அடிக்கும் வேலையாக இல்லாமல், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் என்று முறையாகப் பார்க்கப் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, ஒளிர்வுக் கருவி இருக்க வேண்டிய இடம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதில் அர்த்தமில்லை. சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யிலும், மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், மேற்கே விருத்தாசலம் பக்கம் ஓர் இடத்திலும் வைத்தால் போதும். டார்ச்சில் சந்தேகம் வந்தவருக்கு மட்டும் இரண்டாம் கட்டமாக ஒளிர்வு.

மூன்றாவதுதான் பல இடங்களில் கோட்டைவிடும் இடம். திட்டக்குடியிலிருந்து சிதம்பரம் வந்து போவது மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது மாதிரி. தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் சம்பளம். பரிசோதனைக்கு ஒருநாள், சதை எடுக்க ஒருநாள், ரிப்போர்ட் வாங்க ஒருநாள் என்று அலையவிட்டால் நடுவிலேயே நின்றுவிடுவார். வந்த அன்றே சதை எடுப்பது, ரிப்போர்ட்டுக்கு நாள் குறித்துக் கொடுப்பது, கேன்சர் என்று வந்தால் ஊழியர் ஒருவர் போன் பண்ணி அழைத்து வருவது என்று மூன்றையும் எழுதிவைத்த கடமையாக்க வேண்டும்.

நான்காவது, ஆய்வகத்துக்கும் ஓ.பி.க்கும் நடுவில் இருக்கும் சுவர். ஹாம்ஸ்டரில் அளந்த கையெழுத்து மனிதர்களிடம், அதுவும் வெற்றிலை பாக்கு போடும் கடலூர் மாவட்ட வாய்களில், எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? எத்தனை முறை தவறாகப் பயமுறுத்தும், எத்தனை முறை கோட்டைவிடும்? இதற்கான பதிலை வெளிநாட்டுக் கம்பெனியின் விளம்பரத் தாளில் தேட வேண்டியதில்லை. நெறிமுறைக் குழு அனுமதியோடு, நோயாளிகளின் சம்மதத்தோடு, ஒளிர்வு முடிவையும் பயாப்ஸி முடிவையும் பக்கத்தில் வைத்து அந்த வளாகத்திலேயே சோதிக்கலாம். கருவி வாங்க டெண்டர் விடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கு பொதுவெளிக்கு வர வேண்டும்.

சிப்காட் கேள்வி

கடலூரில் கேன்சர் என்று பேச்செடுத்தால் அடுத்த வார்த்தை சிப்காட் என்றுதான் வரும். ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடைக்கு நடுவே வாழும் மக்கள், 2004-லேயே தாங்களாகவே காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள். அவர்களுடைய பயத்துக்கு ஒளிர்வுக் கருவி பதில் சொல்லாது. ஒரு மனிதரின் திசுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஏன் நடந்தது என்பதைக் காட்டாது.

அதற்கு வேண்டியது தொடர்ச்சியான காற்று, நீர் கண்காணிப்பும், எந்த ஊரில் யாருக்கு எந்த வகைக் கேன்சர் என்று எழுதிவைக்கும் பதிவேடும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்பில் தமிழ்நாடு முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டம் நடக்கிறது. பரிசோதனை முகாம் நடத்திவிட்டோம், ஆகவே மாசுப் பிரச்சினை முடிந்தது என்று கணக்கை மூடுவதற்கு எந்தப் புதுக் கருவியும் சாக்காகக் கூடாது.

அடுத்த வைரல் செய்தி வரும்போது

'கேன்சரைக் கண்டுபிடிக்கும் புது வெளிச்சம்' என்ற செய்தி இனியும் வரும். மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஆய்வு எலியிலா, ஹாம்ஸ்டரிலா, மனிதரிலா? கேன்சரைப் புதிதாகக் கண்டுபிடிக்கவா, கண்டுபிடித்ததை அகற்றவா? ஒளிர்ந்த பிறகு அந்த நோயாளி எங்கே போவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத செய்தி, பாதிச் செய்திதான்.

இதற்கிடையில் எந்தக் கருவிக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு விதி உண்டு. வாயில் புண் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறவில்லை, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறது, வாயை முன்பு மாதிரி அகலத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பலருக்கு, ஊரில் புகையிலை போடும் அப்பாவோ பெரியப்பாவோ இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனில் இருக்கும் டார்ச்சைப் போட்டு, 'வாயைக் கொஞ்சம் திறங்கப்பா' என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால், லீவை ஒருநாள் நீட்டித்து அவரை ஓ.பி. வரை கூட்டிப்போவதுதான் அடுத்த வேலை.